எதுவரை சொல்லலாம் என்று யார் முடிவு செய்வது

1

போன ஞாயிற்றுக்கிழமையோடு அப்பா இறந்து ஒரு வருடம் முடிந்தது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ச் சபையில் அண்ணன் சார்லஸ் நினைவு ஆராதனைக்கு ஏற்பாடு செய்திருந்தான். நான் அமெரிக்காவில், ஒஹையோவில், சமையலறை மேசைமேல் கைப்பேசியைச் சாய்த்துவைத்து அதில் கலந்துகொண்டேன். அதற்கு முந்தின நாள் எனக்கு இங்கே ஒரு கூட்டம். பள்ளிக்கூட விவாதப் போட்டிக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எதையெல்லாம் பேசலாம், எதையெல்லாம் பேசக்கூடாது என்று எல்லை வகுக்கிற கூட்டம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்தக் கூட்டத்தில் போய் உட்காரும்வரை எனக்கும் தெரியாது.

விவாதம் என்றால் நம் ஊரில் பொங்கலுக்குத் தொலைக்காட்சியில் வருகிற பட்டிமன்றம்தான் ஞாபகத்துக்கு வரும். நகைச்சுவை, ஒரு பாட்டு, கைத்தட்டல், கடைசியில் நடுவர் இருவருக்கும் வலிக்காமல் ஒரு தீர்ப்பு. இங்கே அப்படி இல்லை. வருடத்துக்கு ஒரே தலைப்பு, நாடு முழுக்க அதுதான். அரசு ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும் என்று இரண்டு பேர், வேண்டாம் என்று இரண்டு பேர். மூச்சுவிடாமல் பேசுகிறார்கள். நான் முதல்முறை நடுவராகப் போனபோது, பாதி புரியாமல், நான்கு பிள்ளைகளுக்கும் 'கொஞ்சம் மெதுவாகப் பேசவும்' என்று மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

பெற்றோரில் யாராவது நடுவராக வர வேண்டும் என்பது பள்ளியின் நிபந்தனை. என் கணவர் அருளுக்கு வார இறுதியிலும் வேலை. ஆகவே என் தலையில் விழுந்தது. தமிழ்வழியில் படித்தவள் நான். இங்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. நாள் முழுக்க ஊர்பேர் தெரியாதவர்களின் ரத்தத்தில் உப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கிறவள், சனிக்கிழமைகளில் ஆங்கிலப் பேச்சுக்குத் தீர்ப்புச் சொன்னேன். போகப்போகப் பிடித்துவிட்டது.

2

எங்கள் மகள் நிலா போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் இதில் சேர்ந்தாள். போன வருடத் தலைப்பு ஆறுகளைப் பாதுகாப்பது பற்றி. ஆறு என்றால் எதையும் பேசலாம்தானே? அணை, மீன், தொழிற்சாலைக் கழிவு, படகு, குடிநீர். அனுபவப்பட்ட பிள்ளைகள் எங்கே ஆரம்பித்தாலும் மூன்றாவது நிமிடத்தில் அணு ஆயுதப் போரில் கொண்டுபோய் முடிப்பார்கள். மீன் குறைந்தால் மீனவர்கள் கோபப்படுவார்கள், அரசு கவிழும், போர் வரும். கேட்கிற நமக்குச் சிரிப்பு வரும், அவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

இதற்குள் ஒரு புதுப் பிள்ளையைத் தூக்கிப்போட்டால் என்ன ஆகும்? அதனால் புதியவர்களுக்கு மட்டும் ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். முதல் சில மாதங்களுக்கு நான்கு திட்டங்களைப் பற்றித்தான் பேசலாம். எதிர்த்துப் பேசுகிறவர்களும் குறித்துக் கொடுத்த வாதங்களைத்தான் எடுக்கலாம். ஆதாரங்கள் எல்லாம் ஒரே கட்டாக எல்லாப் பள்ளிகளுக்கும் போய்விடும். பருவம் ஏற ஏற எல்லையைத் தளர்த்துவார்கள்.

நிலாவின் முதல் போட்டியிலேயே எதிரணி அந்த எல்லையை மீறியது. கொடுத்த ஆதாரக் கட்டுக்குள் இல்லாத ஒரு வாதத்தை எடுத்துவைத்தார்கள், ஏதோ பழங்குடியினரின் நீர் உரிமை பற்றி. நல்ல வாதம்தான். ஆனால் நிலா அதைக் கேள்விப்பட்டதே இல்லை. கையில் காகிதத்தோடு அப்படியே நின்றாள். நடுவருக்கும் விதி சரியாகத் தெரியவில்லை, இவள் தோற்றாள். திரும்பும்போது காரில் ஆங்கிலத்தில் சொன்னாள், தோற்றது ஒன்றுமில்லையாம். அவர்களுக்குத் தெரியும், தனக்குத் தெரியாது, தெரியாது என்பதுகூடத் தனக்குத் தெரியாது, அதுதான் தாங்க முடியவில்லையாம். அப்படிச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வழியில் அவளுக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். அடுத்த புதன்கிழமை அப்பா இறந்துபோனார்.

3

சனிக்கிழமை காலையில் ஊருக்குப் பேசுவது எங்கள் வழக்கம். அங்கே விளக்கு வைக்கிற நேரம். அப்பா குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு தயாராக இருப்பார். மேட்டூர் திறந்தாச்சா, ஆத்துல தண்ணி வந்துச்சா, நடவுக்கு ஆள் கிடைக்கிறதா, சபையில் யாருக்குக் கல்யாணம். இதைத் தாண்டிப் பேச்சு போகாது. இவ்வளவு தூரத்தில் இருப்பவர்களோடு வேறென்ன பேசுவார் என்றுதான் நினைத்திருந்தேன்.

கடைசி வருடம் அப்பா முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார். வாழ்நாள் முழுக்க பனியனும் துண்டுமாக இருந்த மனிதர். என்னப்பா, மாப்பிள்ளை கணக்காய் இருக்கிறீர்களே என்று கேலி செய்தேன். உங்கண்ணன் எடுத்துக் கொடுத்தான், போடாவிட்டால் கோவிச்சுக்குவான் என்றார். அந்தக் கைக்குள் டயாலிசிஸ் ஊசி குத்திய தழும்பு இருந்திருக்கிறது. வாரத்தில் சில நாட்கள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அண்ணன் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வந்திருக்கிறான். நான் கேட்கும்போதெல்லாம் உரம் வாங்கப் போனோம், பேங்குக்குப் போனோம் என்பார்கள். ஒரு சிறு விவசாயி அத்தனை தடவை உரம் வாங்கப் போவானா என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏன் சொல்லவில்லை? எங்கள் கிரீன் கார்டு மனு அப்போது நிலுவையில் இருந்தது. என் வேலை விசா முடிந்திருந்தது. பயண அனுமதிச் சீட்டு இல்லாமல் நாட்டைவிட்டுப் போனால் மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். இதை ஒரு சனிக்கிழமை அப்பாவிடம் சாதாரணமாகத்தான் சொன்னேன். சொன்னால் இவள் ஓடிவந்துவிடுவாள், பத்து வருடம் காத்திருந்தது மண்ணாகிவிடும் என்று அவர் எண்ணியிருக்கிறார். என் பெயரைச் சொல்லி, ரூபிகிட்ட மூச்சுவிடக் கூடாது என்று அண்ணனிடம் பைபிள்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாராம்.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடுகளில் இது புதிதில்லை. அவன் அங்கே தனியாக இருக்கிறான், சொல்லாதீர்கள் என்று ஊரே சேர்ந்து காப்பாற்றும். அறுவைச் சிகிச்சை முடிந்து தையல் பிரித்த பிறகு சொல்வார்கள். சில வீடுகளில் அடக்கம் முடிந்த பிறகு சொல்வார்கள்.

அண்ணன் கூப்பிட்டபோது நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். அவசரப் பயண அனுமதிக்காக மறுநாள் காலை குடியேற்றத் துறை அலுவலக வாசலில் போய் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். இறந்ததற்கு ஆதாரம் கேட்டாள். ஊரில் இன்னும் இறப்புச் சான்றிதழே எழுதவில்லை என்றேன். ஆஸ்பத்திரிச் சீட்டு போதும் என்றாள். அண்ணன் அனுப்பிய சீட்டில் பாதி தமிழில் இருந்தது, மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவர் கையெழுத்தும் வேண்டும் என்றாள். அந்தச் சீட்டை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோதுதான் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது என்பதே எனக்குத் தெரிந்தது. அதற்குள் ஊரில் கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்பட்டுவிட்டார்கள். நல்ல மழை. பெட்டியை இறக்கும்போது என் கைப்பேசியில் படம் நின்றுவிட்டது.

கிரீன் கார்டு நான்கைந்து மாதம் கழித்துத் தபாலில் வந்தது. உறையைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டு, வாய்விட்டு அழுதேன். நிலா பயந்துபோய் என்ன என்று கேட்டாள். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

4

இந்த ஆகஸ்டில் எனக்கு இடுப்புக்கு மேலே விட்டுவிட்டு வலி. மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டே, குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரக நோய் உண்டா என்றார். இல்லை என்றேன். என் வாய் அப்படிப் பழகியிருக்கிறது. வயசுப் பெண் இருக்கிற வீட்டில் நோயின் பெயரை யாரும் எடுக்கமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் அது ஒரு பழக்கம். அப்பா அதில்தான் செத்தார் என்பது எனக்குத் தெரிந்தும் இல்லை என்றுதான் வாயில் வந்தது. உடனே திருத்திச் சொன்னேன்.

ஸ்கேன் எடுத்ததில் இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள். பரம்பரையாக வருவது. இப்போதைக்கு ஆபத்தில்லை, ரத்த அழுத்தத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தால் பல வருடம் ஓட்டலாம் என்றார். பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு, அவளுடைய ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுவது நல்லது என்றார்.

அண்ணனைக் கூப்பிட்டேன். ஸ்கேனில் வந்ததைச் சொன்னேன். அவன் சொன்னான், அப்பாவுக்கும் இதே நீர்க்கட்டிதானாம். பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தஞ்சாவூர் டாக்டர் அப்போதே சொன்னாராம். அவன் பார்த்துக்கொண்டானாம், அவனுக்கு ஒன்றும் இல்லையாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலயாண்ணே?"

"எம் பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருந்தோம் ரூபி. வியாதிக்காரக் குடும்பம்னு பேர் வந்துட்டா என்ன பண்றது? நிச்சயம் முடியட்டும், சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

போனை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் அண்ணியோடு மட்டும் பேசினேன்.

இவ்வளவு கோபப்பட்டவள் நிலாவிடம் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. அருள்தான் வேண்டாம் என்றார். அவள் இப்போது புதியவர்கள் பிரிவிலிருந்து மேலே போய்விட்டாள், குளிர்காலத்தில் பெரிய போட்டி, அது முடியட்டும், பரீட்சையும் முடியட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லலாம் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ரத்த அழுத்த மாத்திரையைத் தலைவலி மாத்திரை என்று சொல்லி அவள் எதிரிலேயே போட்டுக்கொண்டேன். அவள் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதும் இல்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். மறைப்பதற்கு அது வசதியாகவும் இருந்தது.

5

சனிக்கிழமைக் கூட்டம் ஒரு பள்ளி நூலகத்தில். ஐந்தாறு பள்ளிகளின் பயிற்சியாளர்கள், நடுவர்களாக வரும் பெற்றோர் சிலர். புதியவர்களுக்கான எல்லையை இந்த மாதமே தளர்த்தலாமா, தை மாதம்வரை பொறுக்கலாமா என்பதுதான் பேச்சு. தலைமை தாங்கியவர் கேரல் என்ற பயிற்சியாளர். வெள்ளை முடியும் கனத்த குரலுமாக இருப்பார், பிள்ளைகளுக்கு அவரிடம் பயம்.

ஒரு தகப்பனார் எல்லையே தேவையில்லை என்றார். உலகம் எல்லை வைத்துக்கொண்டா இவர்களை அடிக்கப்போகிறது, இப்போதே பழகட்டும் என்றார். இன்னொருவர் வருடம் முழுக்க வேண்டும் என்றார். சின்னப் பிள்ளைகள், கடினமான விஷயங்களிலிருந்து காப்பாற்ற வேண்டாமா என்றார். கேரல் இரண்டையும் மறுத்தார். கடினமான விஷயத்திலிருந்து காப்பாற்ற யாரும் எல்லை வைக்கவில்லை, யாரும் மறைந்திருந்து தாக்கக்கூடாது என்பதற்காகத்தான் வைத்தோம், குறைந்த விஷயத்தை ஆழமாகப் பேசிப் பழகட்டும் என்றுதான் வைத்தோம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்கள் நிறைய சுற்றுகளுக்கு நடுவராக இருந்திருக்கிறீர்கள், உங்கள் அபிப்பிராயம் என்ன என்றார்.

எனக்கு அப்போது எங்கள் ஊர் நெற்களம் ஞாபகம் வந்தது. அப்பாவுக்குச் சொந்தமாக நிலம் வருவதற்கு முன்னால், அவர் அடுத்தவர் வயலில் அறுப்பறுக்கிற கூட்டத்தில் ஒருவர். தாத்தா காலத்தில் மிராசுதார் எதிரில் எங்கள் ஆட்களுக்குப் பேச்சே கிடையாது, கேட்டதற்குப் பதில் மட்டும்தான். அப்பா காலத்தில் கூலியைப் பேசித்தான் அரிவாளை எடுப்பார்கள். எங்கள் தெருவுக்காகப் பேசுகிறவர் அப்பா. பேச்சைத் தொடங்கும் முன் களத்தில் நின்று எல்லோர் காதிலும் விழச் சொல்வார்.

"இன்னைக்கி இந்த அறுப்புக் கூலி மட்டுந்தான் பேச்சு. போன போகத்துக் கதையும் வேணாம், வரப்புச் சண்டையும் வேணாம். ரெண்டு பக்கமும் சம்மதமா?"

இரண்டு பக்கமும் சம்மதம் என்று சொன்ன பிறகுதான் உட்காருவார். பழைய கதையை யாராவது இழுத்தால், அதற்கு வேறொரு நாள் வைத்துக்கொள்வோம் என்பார், அந்த நாளையும் அங்கேயே குறிப்பார். அப்படிப்பட்ட மனிதர் என்னோடு பேசுவதற்கும் ஒரு எல்லை வைத்தார். எனக்கு மட்டும் சொல்லவில்லை.

இதை எல்லாம் நூலகத்தில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சுருக்கமாகத்தான் சொன்னேன். எல்லை இருக்கட்டும், ஆனால் இரண்டு பக்கத்துக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், அது முடிகிற நாளும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரிந்த எல்லைக்குப் பெயர் வேறு. அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் போட்டி விதிக்காக அழுகிற அம்மாளை அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். கேரல் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, அதையே தீர்மானமாக எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் இரண்டு புதுத் திட்டங்கள் சேரும், தையில் எல்லை முழுவதும் விலகும், தேதிகள் எல்லாப் பள்ளிக்கும் முன்கூட்டியே போகும்.

வீட்டுக்கு வந்து அருளிடம் நாளைக்குச் சொல்லப்போகிறேன் என்றேன். போட்டி இருக்கிறதே என்றார். இருக்கட்டும் என்றேன்.

6

ஞாயிற்றுக்கிழமை ஊரில் சாயந்திர ஆராதனை, எங்களுக்குக் காலை. நிலா எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சபைப் போதகர் ஐயர் அப்பாவின் பெயரைச் சொல்லி ஜெபித்தார். அண்ணன் முதல் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான், முடி நிறைய நரைத்திருந்தது. ஆராதனை முடிந்து படம் அணைந்ததும் அவளிடம் சொன்னேன். என் அப்பாவுக்கு இருந்த நோய், எனக்கு இருக்கிற நோய், அவளுக்கும் இருக்கலாம் என்பது. எப்போதிலிருந்து எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. மாத்திரையின் பெயர் கேட்டாள், கட்டிகளின் அளவு கேட்டாள், தனக்கு எப்போது பார்ப்பார்கள் என்று கேட்டாள். அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். தாத்தாவுக்கு எந்த வயதில் ஆரம்பித்தது, முதலில் என்ன தெரிந்தது என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். எதைக் கேட்டாலும் தெரியாது என்றே சொல்ல வேண்டியிருந்தது.

"யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"மாமாவுக்கு."

என் போனை எடுத்து அவளே கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் வைத்தாள். அங்கே பந்தி நடந்துகொண்டிருந்தது, பாத்திரச் சத்தம் கேட்டது. நான் என்று நினைத்து அண்ணன் ஒரு நொடி தயங்கினான். நிலா என்றதும், சொல்லும்மா, சாப்பிட்டியாம்மா என்றான். அவளுடைய தமிழ் ஆறு வயதில் நின்றுபோன தமிழ். பெரியவர்களோடு எப்படிச் சுற்றிவளைத்துப் பேசுவது என்று அதற்குத் தெரியாது. தாத்தாவுக்கு எப்போ கால் வீங்கியது, எப்போ ஊசி போட்டார்கள், வலித்ததா, வாந்தி எடுத்தாரா. அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். முதலில் ஒரு சொல், இரண்டு சொல். பிறகு பாத்திரச் சத்தம் குறைந்தது, எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும். அப்பாவுக்குத் தாகம் தாங்காதாம், தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டுமாம், வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். ஒரு வருடமாக நான் கேட்காததையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, தாத்தா பயந்தாங்களா?"

அதெல்லாம் இப்ப எதுக்கும்மா என்றான். அவள் விடவில்லை, இன்னொரு தடவை கேட்டாள்.

"பயந்தாரும்மா," என்றான் அண்ணன். "கடைசி வாரம் ரொம்பப் பயந்தாரு. உங்கம்மாவ வரச் சொல்லுடான்னாரு. கார்டு போனாப் போவுது, நான் சொன்னத மறந்துடு, வரச் சொல்லுன்னு தெனம் கேட்டாரு. நாந்தான் சொல்லல. தேறிடுவாருன்னு நெனச்சேம்மா. உங்கம்மா வாழ்க்கையக் கெடுக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

அவன் அழ ஆரம்பித்தான். ஐம்பது வயது தாண்டிய ஆள், சபையில் பெரிய மனுஷன், வாசலில் நின்று விம்முவது கேட்டது. நிலா என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

ஒரு வருடமாக நான் அப்பாமேல் கோபப்பட்டிருந்தேன். கோபத்துக்கு அடியில் ஒரு ஆறுதலும் இருந்தது, அவர் விரும்பித்தான் என்னை வரவிடவில்லை என்று. அதுவும் போய்விட்டது. அவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் இங்கே உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

போனை வாங்கினேன். திட்டுவதற்கென்று சேர்த்துவைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"அண்ணே," என்றேன், "அழாத. வேற என்ன கேட்டாரு, சொல்லு. எதையும் விட்டுடாத."